லேடியம்மா பேசியது

ஆசிம் எழுந்து மோட்டாரைப் போட்டான். டேங்க் நிரம்புவதற்குள் பல் துலக்கி, முகம் கழுவி, தொழுது முடித்தான். பால் பாக்கெட்டை வெட்டி அடுப்பில் வைத்தான். பொங்கியதும் டீ போட்டான். நேற்று வாங்கிய பன் ஒன்று மிச்சம் இருந்தது. அதை டீயில் நனைத்துத் தின்றான். டேங்க் வழிந்தது. மோட்டாரை நிறுத்தினான். சட்டையை இஸ்திரி போட்டான். குளித்தான். சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். வழக்கமாக இந்நேரம் நல்லம்பள்ளி போகும் பஸ்ஸில் இருப்பான். அங்கே ஒரு தனியார் கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் எடுக்கிறான். இன்றைக்கு லீவு சொல்லியிருந்தான். இன்றைக்கு அவனுக்கு ஒரு கிழவியின் பெயரைக் கெடுக்கும் வேலை இருந்தது.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற சாலையில், காடு தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு பெண்கள் பள்ளி இருக்கிறது. பலகையில் நீளமான பெயர் எழுதியிருக்கும். யாரும் அதைச் சொல்வதில்லை. லேடியம்மா பள்ளிக்கூடம் என்றால்தான் கண்டக்டர் விசில் அடிப்பார்.

லேடியம்மாவின் முழுப்பெயர் லேடி ஹனோரா பெல்வுட். இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் மகள். அவள் அப்பாவின் குதிரை லாயமே நம்மூர்க் கல்யாண மண்டபத்தைவிடப் பெரிது என்பார்கள். இளம் வயதிலேயே லண்டனில் பெண்கள் படிப்புக்கான கமிட்டிகளில் உட்கார்ந்தவள். மழை பொய்த்த ஒரு வருஷம், கஞ்சித்தொட்டி வேலைக்கென்று கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போக வந்தாள். போகவில்லை. கஞ்சி வாங்க வந்த சிறுமிகளை உட்காரவைத்து எழுத்து சொல்லிக்கொடுத்தாள். அதுதான் பள்ளி ஆனது. பிறகு ஹாஸ்டல் வந்தது. பிறகு பன்னிரண்டாம் வகுப்பு வந்தது. வயது நிரம்பாத பெண்ணுக்குத் தாலி கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் பந்தலுக்கே போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வாள். எழுந்திருக்க மாட்டாள். கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போவார்கள். சமையல்காரப் பெண்களிடம் தமிழ் கற்றதால் "ஏம்புள்ள, வூட்டுக்குப் போவலியா?" என்று பென்னாகரத்து வாயோடு பேசுவாள். கலெக்டர் ஆபீஸுக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போவாள்.

இந்தக் கதையெல்லாம் பள்ளியில் எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடம். அதில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது ஜீப் கதை.

ஆரம்ப காலத்தில் பள்ளி ஜீப்பை ஊர்ப் பெரிய மனிதர்கள் கல்யாணத்துக்கும் தீர்த்தமலைக்கும் எடுத்துக்கொண்டு போவார்களாம். ஒருநாள் லேடியம்மா சாவியைப் பிடுங்கி டிரைவர் கையில் கொடுத்தாள். இனிமேல் ஜீப் பிள்ளைகளுக்கு மட்டும். வேறு யாருக்காகவும் நகராது. பிறகொரு நாள் அவளே படியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். டிரைவர் மாது ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவள் ஏறவில்லை. அந்த வழியாக வந்த பால் வண்டியில் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கணக்கு டீச்சர் அன்ஜும் இந்தக் கதையை அழகாகச் சொல்வாள். பால் கேன்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அன்ஜும் ஆசிமின் மனைவி.

போன வருஷம் ஐப்பசியில் அவளுக்கு ஏழு மாசம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பில் நின்றுகொண்டிருந்தவளுக்கு ரத்தப்போக்கு ஆரம்பித்தது. டீச்சர்கள் தாங்கிப் பிடித்து வெராண்டாவில் உட்காரவைத்தார்கள். மாது ஓடிப்போய் ஜீப்பை ஸ்டார்ட் செய்தான். லேடியம்மா தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பி எடுத்துக்கொண்டாள்.

"ஹாஸ்டல்ல புள்ளைங்க காய்ச்சல்ல கெடக்குது. வண்டி இங்கதான் நிக்கணும். ஆம்புலன்ஸக் கூப்புடு" என்றாள்.

ஆம்புலன்ஸ் மலைப்பாதையில் ஒரு விபத்துக்குப் போயிருந்தது. கடைசியில் கடலைக்காய் மூட்டை ஏற்றிவந்த ஒரு வேனை நிறுத்தி ஏற்றினார்கள். பென்னாகரம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆசிம் நல்லம்பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தபோது முகம்வரை போர்த்தியிருந்தார்கள். அன்றைக்கு ஹாஸ்டல் பிள்ளைகளில் யாருக்கும் ஜீப் தேவைப்படவில்லை. அது ஷெட்டிலேயே நின்றது.

லேடியம்மா துக்கத்துக்கு பஸ்ஸில் வந்தாள். வாசலில் நின்றாள். "நல்ல டீச்சர்" என்றாள். போய்விட்டாள்.

இந்த ஆடியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அதைவிட வேடிக்கை, தமிழ் மொத்தமாகப் போய்விட்டது. பேசவும் வரவில்லை, சொன்னால் புரியவும் இல்லை. சின்ன வயது இங்கிலீஷ் மட்டும் மிஞ்சியது. அதுவும் குழறல். அண்ணன் மகன் இங்கிலாந்திலிருந்து வந்து அவளை அழைத்துப்போக ஏற்பாடு செய்தான். பள்ளியில் வழியனுப்பு விழா என்று முடிவானது.

தலைமை ஆசிரியை சோபனா போன வாரம் போன் செய்தாள்.

"ஆசிம் சார், உங்களக் கேக்கவே எனக்கு நாக்கு கூசுது."

"கேளுங்க மேடம்."

"லேடியம்மா நாலு வார்த்த பேசணும்னு ஆசப்படறாங்க. எங்க யாருக்கும் புடிபடல சார். வாய்க்குள்ளயே முணுமுணுக்கறாங்க. முன்ன நீங்கதான் ஞாயித்துக்கெழம வந்து பேப்பர் படிச்சுக் காட்டுவீங்க. உங்களுக்கு அவங்க பேச்சு பழக்கம். விழாவுல பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்லணும். முடியாதுன்னாலும் நான் தப்பா நெனக்க மாட்டேன்."

"வரேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க சார்."

"யோசிச்சுட்டேன் மேடம்."

உண்மையில் அப்போது அவன் முழுதாக யோசித்திருக்கவில்லை. மேடையும் மைக்கும் அவனுக்கு வேண்டியிருந்தன. ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது அன்ஜுமின் பெயரைச் சொல்ல வேண்டும். அவள் செத்ததற்கு யார் காரணம் என்று சொல்ல வேண்டும். எப்படி என்பதுதான் தெரியவில்லை. துக்கத்தில் இருக்கும் ஆள் கத்துகிறான் என்று தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள்.

இன்று காலை அவன் நாற்காலியிலிருந்து எழுந்து மாமியார் வீட்டுக்குப் போனான். இரண்டு தெரு தள்ளி இருந்தது. அஸ்கரி பேகம் வளையல் கடையைத் திறக்காமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வீட்டில் பேசுவது உருது. அவளுக்குக் கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு மாறிவிடுவாள். அன்ஜும் போனதிலிருந்து தமிழில்தான் பேசுகிறாள்.

"கெளம்புங்க அம்மி."

"நான் எதுக்கு பேட்டா அங்க? அந்த கேட்டப் பாத்தாலே வயிறு எரியுது."

"அந்தக் கெழவி பேசறத நீங்க கேக்கணும்."

"இத்தன வருஷமாப் பேசுனதக் கேட்டது போதாதா?" அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "எனக்கு வேற பயம் இருக்குது. அது ஊர விட்டுப் போவுது. போறவங்க வாயத் தொறந்து மாஃப் கேட்டுட்டா நான் என்ன செய்வேன்? இல்லன்னு சொல்ல முடியாதே."

ஆசிமுக்கு அது தெரியும். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் தெருத்தெருவாகப் போவார்கள். இன்னார் வீடு என்று பார்க்க மாட்டார்கள். பக்கத்துக் கவுண்டர் வீட்டிலும் ஏறுவார்கள். ஏதாவது தப்புத்தண்டா செய்திருந்தால் மன்னிச்சிருங்க என்பார்கள். பத்து வருஷம் முகம் பார்க்காதவன்கூட அந்த நேரத்தில் கையைப் பிடித்துக்கொள்வான். போகிறவர் கேட்டால் மறுக்கக் கூடாது. திரும்பி வருவாரோ மாட்டாரோ.

"கேக்காது அம்மி. கேக்கற ஆளு இல்ல அது."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அஸ்கரி பேகம் எழுந்தாள். "அப்பன்னா வரேன். கேக்காதவ மூஞ்சிய ஒரு தடவ நல்லாப் பாத்துக்கறேன்."

பள்ளி வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். மாது வேட்டியும் புதுச் சட்டையுமாக வண்டிகளை ஓரம் கட்டிக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் ஓடிவந்தான்.

"வாங்க சார். வாங்கம்மா. வெயில்ல நிக்காதீங்க." பிறகு பேச வேறொன்றும் கிடைக்காதவன்போல, "அண்ணன் மவன் வந்திருக்காரு சார். காலைல இட்லிய கத்தியால வெட்டித் தின்னாரு. சட்னியக் காட்டுனா மூக்கப் புடிச்சுக்கறாரு" என்றான்.

அஸ்கரி பேகம் சிரிக்கவில்லை. அவள் பந்தலுக்குள் போனதும் மாது ஆசிமின் அருகில் வந்தான்.

"நான் சாவியக் குடுத்திருக்கக் கூடாது சார். புடுங்குனப்ப கையத் தட்டிவுட்டுட்டு ஓட்டியிருக்கணும். வேலதான போயிருக்கும். இப்பவும் கனவுல ஸ்டார்ட் பண்ணிக்கிட்டே இருக்கறேன்."

"நீ என்ன செய்வ மாது" என்று சொல்லிவிட்டு ஆசிம் உள்ளே போனான்.

லேடியம்மா தன் அறையில் சக்கர நாற்காலியில் இருந்தாள். வெள்ளைக் கதர்ப் புடவை. இடது கை மடியில் துணிபோலக் கிடந்தது. கண்கள் மட்டும் பழையபடியே இருந்தன. அவனைப் பார்த்ததும் இங்கிலீஷில் பேசினாள். குழறல்தான். ஆனால் அவனுக்கு ஒரு சொல்லும் தவறவில்லை.

"மிஸ்டர் ஆசிம். மெலிந்துவிட்டீர்கள்."

"மேடையில் என்ன சொல்ல வேண்டும்?" அவனும் இங்கிலீஷில் கேட்டான்.

"கொஞ்சம்தான். பெற்றோருக்கு நன்றி. பதினெட்டுக்கு முன் பெண்ணைக் கட்டிக்கொடுக்காதீர்கள். கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது, யாராவது சரிசெய்யுங்கள். மீதியை அங்கே பார்த்துக்கொள்ளலாம்."

"அன்ஜுமைப் பற்றி ஏதாவது?"

அவள் அவனைப் பார்த்தாள். பார்வையைத் திருப்பவில்லை.

"உங்கள் மனைவி. நல்ல ஆசிரியை. அவருக்குப் பின்னால் வந்தவருக்குப் பின்னங்களை நடத்தத் தெரியவில்லை."

"அன்றைக்கு நீங்கள் வண்டியைக் கொடுத்திருக்கலாம்."

"அன்றைக்கு ஹாஸ்டலில் பிள்ளைகள் காய்ச்சலில் கிடந்தார்கள். யாருக்கு எந்த நிமிஷம் வலிப்பு வரும் என்று எனக்குத் தெரியாது."

"யாருக்கும் வரவில்லை."

"அது மாலையில் தெரிந்தது. நான் முடிவெடுத்தது மதியம்."

வெளியே மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. ஆசிம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த மதியம் திரும்ப வந்தால்?"

"அதையேதான் செய்வேன். அதைக் கேட்பது உங்களுக்குக் கஷ்டம். உங்கள் கஷ்டத்துக்காக வேறுமாதிரி சொல்ல மாட்டேன்."

"சரி" என்றான் ஆசிம்.

அந்த நிமிஷத்தில்தான் அவனுக்கு வழி தெரிந்தது. அவன் சொன்னால் நம்ப மாட்டார்கள். மாது சொன்னால் வாயை மூடு என்பார்கள். லேடியம்மா சொன்னால் நம்புவார்கள். லேடியம்மாவின் வாய் இப்போது அவனிடம் இருக்கிறது. அவளே அவளைப் பற்றிச் சொல்லட்டும். இந்த ஊரில் யாரும் இனி அவள் கதையைப் பிள்ளைக்குச் சொல்லக் கூடாது. அவள் பிளேனில் ஏறும்போது பின்னால் எதுவும் இருக்கக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். குற்றத்தைச் சொல்ல வேண்டும். மன்னிப்பு என்ற சொல் வரக் கூடாது.

நாற்காலியை அவனே தள்ளிக்கொண்டு போனான்.

பந்தல் நிறைந்திருந்தது. ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம். பழைய மாணவிகள் இடுப்பில் குழந்தையோடு வந்திருந்தார்கள். அஸ்கரி பேகம் முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மாலைகள் மேஜையில் குவிந்து கிடந்தன.

சோபனா மேடம் பேசினாள். லேடியம்மாவின் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து சொன்னாள். குதிரை லாயம், கஞ்சித்தொட்டி, கல்யாணப் பந்தல், டவுன் பஸ். அந்த வேகத்தில் ஜீப் கதைக்கும் வந்துவிட்டாள்.

"தன் கால் ஒடிஞ்சப்பகூட பொதுச் சொத்தத் தொடாதவங்க நம்ம லேடியம்மா! பால் வண்டியில…"

கைதட்டல் எழுந்தது. சோபனாவின் கண் முன்வரிசை ஓரத்துக்குப் போனது. அவள் வாய் பாதியில் நின்றது. தண்ணீரைக் குடித்துவிட்டு வேறு எதையோ பேசி முடித்தாள். கைதட்டல் மட்டும் பின்வரிசைகளில் இன்னும் ஓயவில்லை. ஆசிம் அதைக் கடைசிவரை கேட்டான்.

லேடியம்மா பேச ஆரம்பித்தாள். அவன் குனிந்து காதைக் கொடுத்தான். நிமிர்ந்து மைக்கில் நல்ல தமிழில் சொன்னான். பெற்றோருக்கு நன்றி. கைதட்டினார்கள். பதினெட்டு வயது. தலையாட்டினார்கள். கழிப்பறைக் குழாய்.

"போறப்பவும் கொழாயப் பத்தித்தான் பேச்சு!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து கோவிந்தம்மாள் கத்தினாள். பந்தலே சிரித்தது. கோவிந்தம்மாளின் மூன்று பெண்களும் இங்கே படித்தவர்கள். இந்த மாதிரி இடங்களில் அவள் வாய் சும்மா இருக்காது.

லேடியம்மா கடைசியாகச் சொன்னாள்: "இந்த இடத்தை விட்டுப் போவது எளிதாக இல்லை. அவ்வளவுதான்."

ஆசிம் நிமிர்ந்தான். இதுவரை பேசிய நல்ல தமிழை விட்டுவிட்டான். லேடியம்மாவின் பழைய பேச்சை எடுத்துக்கொண்டான். அத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்ட பேச்சு.

"இந்தப் பள்ளிக்கூடத்துல அன்ஜும்னு ஒரு டீச்சர் இருந்துச்சு. நல்ல புள்ள. நீங்கெல்லாம் ஜீப் கதைக்குக் கை தட்டுறீங்க. அந்த ஜீப் அன்னிக்கு இங்கதான் சும்மா நின்னுச்சு. மாது ஸ்டார்ட்டே பண்ணிட்டான். நாந்தான் சாவியப் புடுங்குனேன். ரத்தம் போயிக்கிட்டிருந்த புள்ளைய வெராண்டாவுல ஒக்கார வெச்சேன். அதும் செத்துப்போச்சு, அது வயித்துல இருந்ததும் செத்துப்போச்சு. அதக் கொன்னது விதியில்ல, வராத ஆம்புலன்ஸும் இல்ல. நான்தான் கொன்னேன்."

மாது பந்தக்கால் ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர்கள் கேட்டது ஆசிமின் பேச்சை இல்லை. பல மாசம் கழித்து லேடியம்மா தமிழ் பேசியதைத்தான் கேட்டார்கள். ஆசிம் காத்திருந்தான். முதல் ஆள் எழுந்து வெளியே போகட்டும். முதல் வசவு விழட்டும்.

"எங்காத்தா!" கோவிந்தம்மாள்தான். மார்பில் அடித்துக்கொண்டாள். "எந்த மவராசி இப்படி வாய்வுட்டுச் சொல்லுவா? ஊர விட்டுப் போறப்ப பாரத்த எறக்கி வெச்சுட்டுப் போறியே ஆத்தா!"

பெண்கள் பக்கம் மொத்தமும் அழுதது. பழைய மாணவிகள் எழுந்து நின்றார்கள். ஆண்கள் துண்டால் கண்ணைத் துடைத்தார்கள். அஸ்கரி பேகம் எழுந்தாள். யாரோ கைகொடுக்க வந்ததைத் தள்ளிவிட்டு மேடை ஏறினாள்.

"அம்மி, போங்க, ஒக்காருங்க" என்றான் ஆசிம். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டான். "அது மாஃப் கேக்கல. நல்லா யோசிச்சுப் பாருங்க. அந்த வார்த்தையே வரல."

"போறவங்க செஞ்ச தப்ப வாயாலச் சொன்னா அதுக்கு வேற என்ன பேரு பேட்டா?" அவள் முகம் நனைந்திருந்தது. "ஒரு வருஷமா இதுக்குத்தான் பயந்துக்கிட்டு இருந்தேன். வந்துருச்சு."

அவள் லேடியம்மாவின் செத்த கையை எடுத்துத் தன் இரண்டு கைகளிலும் வைத்துக்கொண்டாள். "மன்னிச்சுட்டேன். அல்லா சாட்சியா மன்னிச்சுட்டேன். போயிட்டு வாங்க." பிறகு குனிந்து அவள் நெற்றியில் முத்தமிட்டாள்.

பந்தல் வெடித்தது. பெண்கள் வரிசைகட்டி மேடைப் படியில் ஏற ஆரம்பித்தார்கள். சோபனா மேடம் அழுதுகொண்டே ஆசிமின் தோளைத் தொட்டாள்.

"இந்தக் கதையத்தான் சார் இனிமே புள்ளைங்களுக்கு முதல்ல சொல்லணும். எல்லாத்துக்கும் மேல இது."

அன்ஜும் லேடியம்மாவின் கதைக்குள் போய்விட்டாள். கஞ்சித்தொட்டிக்குப் பிறகு, பால் வண்டிக்குப் பிறகு, கடைசியில் வரும் நல்ல பகுதி. அடுத்த வருஷம் இதே மேடையில் ஏதோ ஒரு சிறுமி மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். கை தட்டுவார்கள். அதை எழுதிக் கொடுத்தவன் அவன்தான். தன் கையாலேயே அந்தக் கிழவியின் தலையில் கிரீடம் வைத்திருக்கிறான்.

லேடியம்மா அவன் சட்டையை வலது கையால் பிடித்து இழுத்தாள்.

"என்ன சொன்னீர்கள் இவர்களிடம்?"

அவன் குனிந்தான். அவனுக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை. பேசியது முழுவதையும் இங்கிலீஷில் அப்படியே சொன்னான். நான்தான் கொன்றேன் என்பது வரை. அண்ணன் மகன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகம் சிவந்தது.

லேடியம்மா கோபப்படவில்லை. தன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தாள்.

"இந்த அம்மா யார்?"

"அன்ஜுமின் தாய். உங்களை மன்னித்துவிட்டார்."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். திறந்தபோது பேசினாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லும் குழறாமல் வெளியே வரவேண்டும் என்று பாடுபட்டுப் பேசினாள். பேசி முடித்துவிட்டு, "இதை அப்படியே சொல்லுங்கள்" என்றாள்.

ஆசிமுக்குச் சிரிப்பு வந்தது. பொய் சொல்லி முடியாததை அவளே முடித்துக்கொடுக்கிறாள். அவன் மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. முன்ன நான் அன்ஜும் பத்திச் சொன்னது லேடியம்மா சொன்னதில்ல. நானாச் சொன்னது. இப்ப அவங்க சொன்னதச் சொல்றேன். அவங்க அண்ணன் மகன் பின்னாடிதான் நின்னு கேட்டாரு. மேடம், வேணும்னா அவர்கிட்டக் கேட்டுப் பாருங்க."

படியில் ஏறிய பெண்கள் அப்படியே நின்றார்கள். அவன் நல்ல தமிழுக்குத் திரும்பினான். ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த ஆசிரியைக்கு வண்டி கொடுக்காதது சரி என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். வருத்தப்படுகிறேன் என்று சொன்னால் அது பொய். நான் கேட்காத ஒன்றை இந்த அம்மா எனக்குக் கொடுத்திருக்கிறார். அது எனக்குச் சேர வேண்டியதில்லை. நான் அதை வைத்துக்கொள்ள மாட்டேன்."

சோபனா அண்ணன் மகனிடம் அதை இங்கிலீஷில் சொல்லிக் கேட்டாள். அவன் தரையைப் பார்த்தபடி ஆமாம் என்று தலையசைத்தான்.

அஸ்கரி பேகம் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு, பிடித்திருந்த கையைக் கொண்டுபோய் லேடியம்மாவின் மடியில் வைத்தாள். தன் கைகளை முந்தானையில் துடைத்தாள். உதட்டையும் துடைத்தாள்.

"சரி" என்றாள். "திருப்பி எடுத்துக்கிட்டேன். அல்லா அதுக்கும் சாட்சி."

கோவிந்தம்மாள்தான் முதலில் எழுந்தாள். எதுவும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் பின்னால் இரண்டு பேர். அதற்குப் பின்னால் ஒரு வரிசை. பழைய மாணவிகளில் ஒருத்தி லேடியம்மாவை நோக்கி ஒரு அடி வைத்தாள். அவள் புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். நாற்காலிகள் சரியும் சத்தம். மேஜையில் மாலைகள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. ஆசிம் மேடையில் நின்று ஒவ்வொரு முதுகையும் பார்த்தான். அதைப் பார்க்க அவனுக்குப் பிடித்திருந்தது. இன்னும் மெதுவாகப் போகக் கூடாதா என்று இருந்தது.

அஸ்கரி பேகம் அவன் பக்கம் திரும்பினாள்.

"முன்ன சொன்னது நீயா பேட்டா?"

"ஆமா அம்மி."

"எம் பொண்ணு சாவ வெச்சு எங்கிட்டயே பொய் சொன்னியா? என்னய முத்தம் குடுக்க வெச்சியா?"

அவன் மைக்கை மேஜையில் வைத்தான்.

"அது கேக்காம இருந்துச்சு. அது பண்பாடு இல்ல, ஆனா கேக்கறதும் கேக்காததும் அதோட வாயி. நீ என்ன செஞ்ச?" அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். அடிப்பாள் என்று நினைத்தான். அவள் காலரை விட்டுவிட்டாள். "இன்னிக்கு என் வூட்டுக்கு வராத. நாளைக்கும் வராத. நான் சொல்லியனுப்பறேன்."

அவள் தனியாகவே படி இறங்கினாள். கேட்டருகே மாது ஏதோ கேட்டான். அவள் தலையசைத்துவிட்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.

பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு வாடகைக் கார் வந்து நின்றது. தள்ள ஆள் இல்லை. சோபனா மேடம் ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணன் மகன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். ஆசிம்தான் சக்கர நாற்காலியைத் தள்ளினான். காலி நாற்காலிகளுக்கு நடுவே சக்கரம் மணலில் சிக்கிச் சிக்கிப் போனது. வழியில் லேடியம்மா தலையைத் திருப்பவில்லை. பள்ளிக்கூடத்தைப் பார்க்கவில்லை. அவள் அழ வேண்டும் என்று அவன் மனதுக்குள் கேட்டுக்கொண்டே வந்தான். அவள் அழவில்லை.

காரில் தூக்கி உட்காரவைத்தார்கள். அண்ணன் மகன் பெல்ட்டை மாட்டினான். ஆசிம் கதவைச் சாத்தப்போனான். அவள் வலது கையால் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த அம்மா அதைத் திரும்ப எடுத்துக்கொண்டாரா?"

"எடுத்துக்கொண்டார்."

"நல்லது" என்றாள் லேடியம்மா. "அது அவருடையது."